குழந்தைக்கு முன்பருவ வகுப்பு தேவையா? எதோடு ஒப்பிட்டு முடிவு செய்வது

மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தைக்கு ஒரு வகுப்பு. வாரம் ஒரு முறை, முக்கால் மணி நேரம். பாட்டு, தாளம், வண்ண அட்டைகள், மெத்தைமேல் உருண்டு புரளல். கூடவே ஒரு விளம்பர வாசகம்: "மூளை வளர்ச்சியில் பெரும்பகுதி மூன்று வயதுக்குள் முடிந்துவிடுகிறது." ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டே வளர்ந்த நமக்கு இந்த ஒரு வரி போதும், அடிவயிறு கலங்கிவிடும்.

மறுபுறம் செய்திகளோ ஒன்றுக்கொன்று முரணாக வருகின்றன. சிறுவயதுக் கல்வியில் போடும் பணம் வேறெந்த முதலீட்டையும் விட அதிகப் பலன் தரும் என்கிறார் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மன். மழலையர் வகுப்புக்குப் போன பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது போகாத பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருந்தார்கள் என்கிறது 2022இல் வெளியான ஓர் ஆய்வு. இதில் எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். இரண்டும் நேர்மையான ஆய்வுகள்தாம். ஆனால் அவை அளந்தது வேறு வேறு வகுப்புகளை, வேறு வேறு குழந்தைகளிடம். அந்த வேறுபாடு புரிந்துவிட்டால் நம் வீட்டுக் குழந்தைக்கு எது பொருந்தும் என்று பார்ப்பது அவ்வளவு கடினமாக இருக்காது.

## ஒரே பெயரில் நான்கு பொருள்கள்

"முன்பருவக் கல்வி" என்ற ஒரே பெயரில் குறைந்தது நான்கு விஷயங்கள் புழங்குகின்றன.

1. பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து போகும் வகுப்பு. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை, வாரம் ஒன்றிரண்டு முறை, பாட்டும் ஆட்டமும்.

2. மழலையர் பள்ளி. மூன்று முதல் ஐந்து வயது வரை. தினமும் சில மணி நேரம். பெற்றோர் உடன் இருப்பதில்லை.

3. பகல்நேரக் காப்பகம். பெற்றோர் வேலைக்குப் போகும் நேரம் முழுவதும் குழந்தை அங்கே இருக்கும்.

4. தனித்திறன் வகுப்பு. வாசிப்பு, கணக்கு, இசை, இரண்டாவது மொழி என்று ஒன்றை மட்டும் குறிவைப்பது.

நீண்டகால ஆய்வுகளில் பெரும்பாலானவை இரண்டாவது, மூன்றாவது வகைகளைப் பற்றியவை. "ஆய்வுகள் நிரூபித்துள்ளன" என்ற வாசகத்தோடு விற்கப்படுபவையோ பெரும்பாலும் முதல் வகையும் நான்காம் வகையும். ஒன்றின் சான்றிதழை இன்னொன்றின் சுவரில் மாட்டிவைக்கும் வேலை இது. யாராவது ஆய்வைக் காட்டினால், அது இந்த நான்கில் எதைப் பற்றியது என்று முதலில் கேட்க வேண்டும்.

## மூளை உண்மையில் எதற்குக் காத்திருக்கிறது?

பிறக்கும்போது குழந்தையின் மூளை வளர்ந்தவரின் மூளை அளவில் ஏறக்குறைய கால் பங்கு இருக்கும். மூன்று வயதுவாக்கில் 80 சதவீதத்தையும் ஐந்து வயதுவாக்கில் 90 சதவீதத்தையும் எட்டிவிடுகிறது. விளம்பரங்கள் இந்த எண்களைச் சரியாகத்தான் சொல்கின்றன. ஆனால் இது பருமனின் கணக்கு. மூளை பெரிதாகிவிட்டது என்பதால் கற்றல் முடிந்துவிட்டது என்று ஆகாது. நரம்பு இணைப்புகள் முதல் சில ஆண்டுகளில் தேவைக்கு அதிகமாகப் பெருகுகின்றன. பிறகு பயன்படுபவை வலுப்பெற்று மற்றவை கழிகின்றன. திட்டமிடல், பொறுமை, தன்னடக்கம் ஆகியவற்றுக்கான, மூளையின் முன்பகுதியில் இந்தச் சீரமைப்பு இருபது வயதைத் தாண்டியும் நடக்கிறது.

1987இல் வில்லியம் கிரீனோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்த ஒரு பாகுபாடு இங்கே பெரிதும் உதவும். அனுபவத்தால் மூளை மாறுவது இரண்டு வகை என்றார்கள்.

முதல் வகை, மூளை எதிர்பார்த்துக் காத்திருக்கும் அனுபவம். வெளிச்சம், மனிதக் குரல், தொடுகை, நம்பத்தக்க ஓர் ஆளின் அண்மை. இவை உரிய காலத்தில் கிடைக்காவிட்டால் இழப்பு நிலைத்துவிடக்கூடும். பிறவிக் கண்புரை உள்ள குழந்தைக்கு முதல் சில வாரங்களிலேயே அறுவை சிகிச்சை செய்ய மருத்துவர்கள் அவசரப்படுவது இதனால்தான். பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூடி வளர்த்து, பார்வை நரம்பு அமைப்பு எப்படி மாறிப்போகிறது என்று காட்டிய டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் 1981இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இரண்டாம் வகை, ஆளுக்கு ஆள் மாறுபடும் அனுபவம். வாசிப்பு, கணக்கு, பியானோ, சதுரங்கம். இவற்றுக்கு ஒரு குறிப்பிட்ட வயதோடு சாத்தப்படும் கதவு கிடையாது. நாற்பது வயதில் எழுதப்படிக்கக் கற்றுக்கொள்பவர்கள் உண்டு.

ஆக, ஐந்துக்குள் வளைய வேண்டியவை உண்மையிலேயே சில உண்டு. ஆனால் பேச்சும் அணைப்பும் வெளிச்சமும் உள்ள சாதாரண வீட்டில் அவை தாமாகவே நடந்துவிடுகின்றன. முதல் வகையின் அவசரத்தைக் காட்டி இரண்டாம் வகையை விற்பதுதான் "மூன்று வயதுக்குள்" என்ற வாசகத்தின் வேலை. இந்தப் பயத்திலிருந்து வெளியே வந்தால்தான் மற்ற கேள்விகளை நிதானமாகப் பார்க்க முடியும்.

## எல்லோரும் காட்டும் அந்த ஆய்வு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊர். அங்கே பெர்ரி தொடக்கப் பள்ளியில் 1962 முதல் 1967 வரை டேவிட் வைகார்ட் தலைமையில் ஒரு சோதனை நடந்தது. மிக வறிய குடும்பங்களைச் சேர்ந்த, அறிவுத்திறன் சோதனையில் குறைந்த மதிப்பெண் பெற்ற 123 கறுப்பினக் குழந்தைகள். அவர்களில் 58 பேருக்கு மழலையர் பள்ளி. 65 பேர் ஒப்பீட்டுக் குழு. வாரத்தில் ஐந்து நாள், தினமும் இரண்டரை மணி நேரம். ஏறக்குறைய ஆறு குழந்தைகளுக்கு ஒரு தகுதி பெற்ற ஆசிரியர். வாரந்தோறும் அந்த ஆசிரியரே குழந்தையின் வீட்டுக்குப் போய் ஒன்றரை மணி நேரம் தாயோடும் குழந்தையோடும் உட்கார்ந்தார்.

அறிவுத்திறன் மதிப்பெண்ணில் முதலில் பெரிய முன்னேற்றம் தெரிந்தது. தொடக்கப் பள்ளி நாட்களிலேயே அது கரைந்துபோனது. தோல்வி என்று கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் அந்தக் குழந்தைகளை நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளி முடித்தவர்கள் 77 சதவீதம். ஒப்பீட்டுக் குழுவில் 60. ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள் 36 சதவீதம்; அங்கே 55. ஜேம்ஸ் ஹெக்மன் கணக்கிட்ட ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீத வருவாய் என்ற புகழ்பெற்ற எண் இந்த ஆய்விலிருந்து வந்ததுதான்.

வட கரோலைனாவில் 1972இல் தொடங்கிய அபெசிடேரியன் ஆய்வு இன்னும் தீவிரமானது. 111 குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, பிறந்த சில மாதங்களிலிருந்து ஐந்து வயது வரை, ஆண்டு முழுவதும், முழுநாள் பராமரிப்பும் கல்வியும். முப்பது வயதில் பட்டப்படிப்பு முடித்திருந்தவர்கள் 23 சதவீதம்; ஒப்பீட்டுக் குழுவில் 6 சதவீதம்தான்.

இவை மனத்தை நெகிழச் செய்யும் எண்கள். வறுமையில் பிறந்த குழந்தையின் வாழ்வைப் பொதுப்பணம் திருப்பிப்போட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. ஆனால் இதே எண்களை முக்கால் மணி நேர வகுப்பின் விளம்பரத்தில் போடும்போது மூன்று விஷயங்கள் காணாமல் போகின்றன.

1. அளவு. பெர்ரியில் வாரத்துக்கு பன்னிரண்டரை மணி நேரம் வகுப்பு, அதற்கு மேல் வீட்டு வருகை. முக்கால் மணி நேர வகுப்பு அதில் பதினாறில் ஒரு பங்குகூட இல்லை. குழந்தை ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் விழித்திருக்கிறது என்றால், அந்த வகுப்பு அதன் விழிப்பு வாரத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

2. வருவாய் யாருக்கு? ஹெக்மன் கணக்கில் மிகப்பெரிய பங்கு குற்றங்கள் குறைந்ததால் சமூகத்துக்கு மிச்சமான செலவு. கட்டணம் கட்டும் பெற்றோர் கைக்கு வரும் லாபமாக அதைக் காட்டுவது தவறு.

3. எதோடு ஒப்பீடு? அந்த 65 குழந்தைகளுக்குக் கிடைத்தது 1960களின் கடும் வறுமையில், புத்தகமோ ஓய்வான பெரியவரோ அரிதாகவே வாய்த்த ஒரு பகல்பொழுது. இந்த மூன்றாவது விஷயம்தான் மற்ற எல்லாவற்றுக்கும் சாவி.

## மாற்று நிலை என்ற கேள்வி

வகுப்பு இல்லாவிட்டால் அதே நேரத்தைக் குழந்தை எங்கே, யாரோடு, எப்படிக் கழித்திருக்கும்? இதை மாற்று நிலை என்று அழைப்போம். ஒரு வகுப்பின் பயன் என்பது வகுப்பில் கிடைப்பதிலிருந்து மாற்று நிலையில் கிடைத்திருக்கக்கூடியதைக் கழித்தால் வரும் மீதி. வகுப்பு மாறாமலே இருக்கலாம். மாற்று நிலை மாறினால் விடை மாறிவிடும்.

முரண்பட்ட ஆய்வுகளை இந்தக் கண்ணோட்டத்தில் வரிசைப்படுத்திப் பார்க்கலாம்.

1965இல் தொடங்கிய ஹெட் ஸ்டார்ட் திட்டம் அமெரிக்காவின் ஏழைக் குழந்தைகளுக்கானது. ஏறக்குறைய 5,000 குழந்தைகளைக் கொண்டு 2002இல் தொடங்கிய பெரிய சோதனையில், முதலில் தெரிந்த பலன்களில் பெரும்பகுதி மூன்றாம் வகுப்புக்குள் மறைந்துவிட்டது. ஆனால் இந்த முறை ஒப்பீட்டுக் குழு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கவில்லை. அதில் கணிசமான குழந்தைகள் வேறு மழலையர் பள்ளிகளுக்குப் போயிருந்தார்கள். பெர்ரி காலத்தில் அப்படி ஒரு வாய்ப்பு அரிது.

டென்னசி மாநிலத்தில் 2,990 குழந்தைகளை வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் வந்ததால் குலுக்கல் முறையில் சேர்க்கை நடந்தது. ஆய்வுக்கு அது நல்ல வாய்ப்பு. மழலையர் வகுப்பு முடிந்தபோது சேர்ந்தவர்கள் முன்னால் இருந்தார்கள். அடுத்த ஆண்டு முடிவதற்குள் மற்றவர்கள் அவர்களை எட்டிப்பிடித்தார்கள். ஆறாம் வகுப்புக்கு வந்தபோது, மழலையர் வகுப்பில் சேர்ந்தவர்களின் மதிப்பெண் குறைவு. ஒழுங்கு நடவடிக்கைகளோ அதிகம். தொடக்கத்தில் சொன்ன 2022 ஆய்வு இதுதான்.

பாஸ்டனில் இதற்கு நேர்மாறு. 1997 முதல் 2003 வரை குலுக்கலில் பங்கேற்ற 4,000க்கும் மேற்பட்ட நான்கு வயதுக் குழந்தைகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். பள்ளித் தேர்வு மதிப்பெண்ணில் எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் பள்ளி முடித்த கையோடு கல்லூரியில் சேர்ந்தவர்கள் 8 சதவீதப் புள்ளிகள் அதிகம். மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் பயனில்லை என்று எழுதியிருப்பார்கள்.

கனடாவின் கியூபெக் மாநிலம் 1997இல் நாளொன்றுக்கு 5 டாலர் கட்டணத்தில் காப்பகங்களைத் தொடங்கி, சில ஆண்டுகளுக்குள் ஐந்து வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் விரித்தது. தாய்மார்கள் பெருமளவில் வேலைக்குப் போக முடிந்தது. அது பெரிய நன்மை. ஆனால் மைக்கேல் பேக்கர், ஜொனதன் குரூபர், கெவின் மில்லிகன் ஆகியோரின் ஆய்வு, குழந்தைகளிடம் பதற்றமும் மூர்க்கமும் கூடியதாகக் காட்டியது. திட்டம் எல்லா வருமானக் குடும்பங்களுக்கும் பொது. வீட்டில் போதிய கவனம் கிடைத்துவந்த குழந்தைகளும் வேகவேகமாகப் பெருக்கப்பட்ட காப்பகங்களில் முழுநாளும் இருக்கத் தொடங்கினார்கள்.

வீட்டில் கிடைப்பது குறைவாகவும் வகுப்பின் தரம் உயர்வாகவும் இருந்த இடத்தில் பலன் பெரிது. வீட்டில் கிடைப்பது நன்றாகவும் வகுப்பு சுமாராகவும் இருந்த இடத்தில் பலன் பூஜ்ஜியம். சில வேளை இழப்பு. எல்லா ஆய்வும் இந்தக் கோட்டில் பிசிறில்லாமல் உட்காராது. ஆனாலும் தொடர்பில்லாதவையாகத் தோன்றும் முடிவுகளில் பலவற்றை இந்த ஒரு கேள்வி ஒழுங்குபடுத்திவிடுகிறது.

## பலன் ஏன் கரைகிறது?

"கரைதல்" என்று ஆய்வாளர்கள் அழைக்கும் நிகழ்வை நாமும் வீட்டில் பார்த்திருப்போம். மூன்று வயதில் எழுத்துகளையெல்லாம் ஒப்பிக்கும் குழந்தையைக் கண்டு வீடே வியக்கிறது. ஏழு வயதில் வகுப்பில் எல்லோருக்கும் எழுத்து தெரியும். யார் முதலில் கற்றார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை.

கற்கும் திறன்களில் சில எல்லை உள்ளவை. எழுத்துகள் 26 ஆகட்டும், 247 ஆகட்டும், ஒரு நாள் முடிந்துவிடும். எண்களைச் சொல்லுதல், நிறங்களின் பெயர், வடிவங்களின் பெயர் எல்லாம் இந்த ரகம். சாதாரணப் பள்ளி எல்லாக் குழந்தைக்கும் எப்படியும் இவற்றைக் கற்றுத் தரும். முந்திக் கற்பதால் கிடைக்கும் முன்னிலை தற்காலிகமானது.

மற்றவை எல்லை இல்லாதவை. சொல்வளம், கதையைத் தொடர்ந்து கேட்டுப் புரிந்துகொள்வது, தோற்றதும் மறுபடி முயல்வது, கோபம் வந்தால் கையை ஓங்காமல் சொல்லால் சொல்வது, தன் முறைக்குக் காத்திருப்பது. இவற்றை மெதுவாகத்தான் வளர்க்க முடியும். பள்ளி தானாகவே சரிசெய்துவிடும் என்ற உத்தரவாதமும் கிடையாது. பெர்ரி குழந்தைகளிடம் மதிப்பெண் கரைந்த பிறகும் எஞ்சி நின்றது இந்த ரகத் திறன்கள்தாம் என்பது ஹெக்மனின் விளக்கம்.

ஆனால் வகுப்புகள் பெற்றோருக்குக் காட்ட விரும்புவது முதல் ரகத்தை. அதைத்தான் ஒரு மாதத்தில் காட்ட முடியும், காணொளி எடுக்க முடியும். மூன்று வயதுக் குழந்தை இன்று தன் முறைக்காகக் கொஞ்சம் அதிகநேரம் காத்திருந்தது என்பதை யார் காணொளி எடுப்பார்கள்? அளக்க எளிதானதைக் கற்பித்து, வளர்க்க அரிதானதை விட்டுவிடும் வகுப்பு நம் குழந்தையின் நேரத்தைத் தின்கிறது. கடுமையாகச் சொல்கிறேன், ஆனால் இதைவிட மென்மையாகச் சொல்லத் தோன்றவில்லை.

வாசிப்பைப் பற்றித் தனியாக ஒரு செய்தி. நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட் குழுவினர் ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கிய குழந்தைகளையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். பதினோரு வயதுவாக்கில் வாசிப்புத் திறனில் வேறுபாடு இல்லை. பின்லாந்தில் முறையான பள்ளிக் கல்வி தொடங்குவதே ஏழு வயதில்தான்.

## மூன்று வயதுக்கு உட்பட்ட வகுப்புகள் மட்டும்

பெற்றோரை அதிகம் குழப்புவது இந்தப் பகுதி. இதற்கான நேரடிச் சான்றுகள் குறைவு. இருப்பவை உற்சாகம் தருவதாக இல்லை.

இசை. "மொசார்ட் கேட்டால் அறிவு வளரும்" என்ற நம்பிக்கை 1993இல் வந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் கலந்துகொண்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். கிடைத்த பலன் கால் மணி நேரத்தில் மறைந்தது. கைக்குழந்தை எதுவும் அந்த ஆய்வில் இல்லை. ஆனால் 1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஒவ்வொரு புதுக் குழந்தைக்கும் இசைத்தட்டு தர 1,05,000 டாலர் ஒதுக்கக் கோரினார். பிறகு 2013இல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு ஆறு வாரம் இசை வகுப்பு நடத்தி இரண்டு முறை சோதித்தார்கள். அறிவுத்திறனில் நிலையான பலன் எதுவும் தெரியவில்லை. இசை தன்னளவிலேயே இன்பம். அதற்குக் கணக்கு மதிப்பெண் என்ற சாக்கு தேவையில்லை.

கைக்குழந்தை வாசிப்பு. ஒன்பது முதல் பதினெட்டு மாதம் வரையிலான 117 குழந்தைகளிடம், வாசிப்புக் கற்றுத் தருவதாகச் சொல்லும் ஒரு காணொளி, அட்டைத் தொகுப்பைக் கொடுத்து ஏழு மாதம் சோதித்தார்கள். 2014இல் வந்த முடிவு: 14 அளவீடுகளில் 13இல் எந்த வேறுபாடும் இல்லை. மாறிய ஒன்று, குழந்தை கற்றுக்கொண்டதாகப் பெற்றோர் கொண்ட நம்பிக்கை.

மொழி. பட்ரிஷியா குல் 2003இல் செய்த சோதனை அழகானது. ஆங்கிலச் சூழலில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் 12 முறை உட்கார்ந்து விளையாடினார்கள். குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியத் தொடங்கின. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில் என்றபோது எதுவும் நடக்கவில்லை. ஒலி மட்டும் போதவில்லை; தன்னைப் பார்த்துப் பேசும் ஆள் வேண்டியிருந்தது.

அப்படியானால் "என் குழந்தை அந்த வகுப்புக்குப் போன பிறகுதான் நன்றாகப் பேசத் தொடங்கியது" என்று பலர் சொல்கிறார்களே? பொய் சொல்லவில்லை, நேரில் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒன்றரை வயதில் சில பத்துச் சொற்களோடு இருக்கும் குழந்தை இரண்டு வயதில் சில நூறு சொற்களை எட்டுவது இயல்பான வளர்ச்சி. அந்த ஆறு மாதத்தில் எதைத் தொடங்கினாலும் அதுவே காரணம் போலத் தோன்றும். மேலும், வகுப்பைத் தேடிச் சேர்க்கும் பெற்றோர் வீட்டிலும் அதிகம் பேசுபவர்களாக, படித்துக்காட்டுபவர்களாக இருப்பது வழக்கம். இதைத் தேர்வுச் சாய்வு என்பார்கள். ஆய்வாளர்கள் குலுக்கலை நாடுவது இந்தச் சாய்வை நீக்கத்தான்.

"மற்ற குழந்தைகளோடு பழகட்டும்" என்பதற்கும் வயது உண்டு. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவார்கள். கூடி விளையாடுவது மூன்று வயதுக்குப் பிறகே மெல்ல மெல்ல வலுப்படுகிறது. நான்கு வயதில் நண்பர்கள் தேவை. ஒரு வயதில் தேவைப்படுவது தெரிந்த முகம்.

இந்த வகுப்புகளுக்குச் சாதகமாக ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நாள் முழுவதும் கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் தாய்க்கு அல்லது தந்தைக்கு வாரம் ஒரு முறை வெளியே போய் நான்கு பெரியவர்களோடு பேசுவது பெரிய ஆறுதல். குழந்தையோடு எப்படி விளையாடுவது என்று பார்த்துக் கற்பதும் நடக்கிறது. இது உண்மையான பயன். "எனக்காகப் போகிறேன்" என்று மனதாரச் சொல்லிக்கொண்டு போவதில் தவறே இல்லை. அப்படிச் சொல்லிக்கொண்டால் விலை அதிகமான "மூளை வளர்ச்சி" வகுப்புக்குப் பதில் எளிய ஒன்றுகூடலே போதும் என்பதும் தெரிந்துவிடும்.

## வேலை செய்வது எது?

2018இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நான்கு முதல் ஆறு வயது வரையிலான 36 குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து, மூளைப் படங்களோடு ஒப்பிட்டார்கள். குழந்தையின் காதில் எத்தனை சொற்கள் விழுந்தன என்பதைவிட, குழந்தையும் பெரியவரும் எத்தனை முறை மாறி மாறிப் பேசினார்கள் என்பதே மொழிப் பகுதியின் செயல்பாட்டோடு அதிகம் பொருந்தியது. குடும்பத்தின் வருமானம், படிப்பு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது.

குழந்தை ஒரு சொல் சொல்கிறது, அல்லது விரலால் காட்டுகிறது. பெரியவர் அதைக் கவனித்து அதைப் பற்றியே பதில் சொல்கிறார். குழந்தை மறுபடி ஏதோ சொல்கிறது. இந்த வீச்சும் மறுவீச்சும்தான் அடிப்படை அலகு. பெர்ரியில் ஆறு பேருக்கு ஓர் ஆசிரியர் இருந்ததால் இது நடந்தது. முப்பது பேருக்கு ஒருவர் என்றால் நடக்காது. அங்கே வரிசையும் அமைதியும்தான் நடக்கும். திரையில் நடக்கவே நடக்காது.

இங்கிலாந்தில் 1997இல் தொடங்கி ஏறத்தாழ 3,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வும் இதையே வேறு பக்கத்திலிருந்து சொன்னது. நல்ல மழலையர் பள்ளி பலன் தந்தது. ஆனால் முழுநாள் போன குழந்தைகளுக்கு அரைநாள் போனவர்களைவிடக் கூடுதல் பலன் இல்லை. பெற்றோர் என்ன படித்தவர்கள், என்ன வேலை என்பதைவிட அவர்கள் குழந்தையோடு வீட்டில் என்ன செய்தார்கள் என்பது முக்கியமாக இருந்தது. கதை படிப்பது, பாடுவது, கிறுக்க விடுவது, நூலகத்துக்கு அழைத்துப் போவது.

## உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும்?

1. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை; வீட்டில் பேசவும் விளையாடவும் ஆள் உண்டு. வகுப்பு தேவையில்லை. விருப்பம் இருந்து, கட்டணம் சுமையாக இல்லாவிட்டால் போகலாம். கடன் வாங்கியோ வேறு செலவைச் சுருக்கியோ போக வேண்டியதில்லை.

2. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிறார்கள். இங்கே "வகுப்பா, வேண்டாமா" என்ற கேள்வியே எழாது. யார் பார்த்துக்கொள்வார்கள், அவர் அன்பானவரா, அடிக்கடி மாறாதவரா என்பதுதான் கேள்வி. காப்பகமே வழி என்றால் குற்ற உணர்வு வேண்டாம். 1991 முதல் 1,300க்கும் மேற்பட்ட அமெரிக்கக் குழந்தைகளைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில், பராமரிப்பு எங்கே என்பதைவிடப் பெற்றோரின் அரவணைப்பே குழந்தையின் வளர்ச்சியோடு அதிகம் பிணைந்திருந்தது.

3. மூன்று முதல் ஐந்து வயது. வீட்டில் பேச ஆள் குறைவு, அல்லது நாள் பெரும்பாலும் திரைமுன் கழிகிறது, அல்லது வீட்டில் பேசும் மொழி வேறு, பள்ளி மொழி வேறு. நல்ல மழலையர் பள்ளியின் பலன் பெரிதாக வாய்ப்புள்ள நிலை இது. தயங்காமல் சேர்க்கலாம்.

4. மூன்று முதல் ஐந்து வயது. வீட்டில் எல்லாம் உண்டு. அரைநாள் பள்ளி போதும். நண்பர்களும், வீட்டார் அல்லாத பெரியவர் ஒருவரிடம் பழகுவதும் கிடைக்கும். ஆறு மாதம் தள்ளிச் சேர்த்தாலும் குழந்தை எதையும் இழந்துவிடாது.

## வகுப்பறைக்குள் எதைப் பார்ப்பது?

சுவரில் உள்ள படங்களையும் பாடத்திட்டத்தின் பெயரையும் விட்டுவிட்டு அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். உட்காரவே அனுமதிக்காத இடத்தைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க வேண்டாம்.

ஆசிரியர் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்தோ அமர்ந்தோ பேசுகிறாரா? குழந்தை கேள்வி கேட்டால் பதில் வருகிறதா, "பேசாதே" வருகிறதா? அழும் குழந்தையிடம் யார் போகிறார்கள், எவ்வளவு நேரத்தில்? தாங்களாகவே தேர்ந்தெடுத்து விளையாடும் நேரம் உண்டா, மணி அடித்தால் எல்லோரும் ஒரே செயலுக்கு மாற வேண்டுமா? குழந்தை வீட்டில் எப்படி இருக்கும் என்று உங்களிடம் யாராவது கேட்டார்களா?

பிறகு எண்ணிக்கை. அமெரிக்காவின் இளங்குழந்தைக் கல்விக்கான தேசியச் சங்கம் சொல்லும் அளவு கைக்குழந்தைகளில் நால்வருக்கு ஒருவர், மழலையர் வயதில் பத்துப் பேருக்கு ஒருவர். கடந்த ஓராண்டில் எத்தனை ஆசிரியர்கள் மாறினார்கள் என்றும் கேளுங்கள். ஆசிரியர்கள் நிலைக்காத இடத்தில் குழந்தை ஒட்டிக்கொள்ள முகம் இருக்காது. திரை எவ்வளவு நேரம் ஓடுகிறது என்றும் கேளுங்கள். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன வரம்பு.

சேர்த்த பின் முதல் சில வாரங்கள் அழுவது இயல்பு. பிரிவின் துயரம் அது. ஆறு, எட்டு வாரம் கடந்தும் தூக்கம் கெடுவது, சாப்பிட மறுப்பது, முன்பு பேசியதைக்கூடப் பேசாமல் ஒடுங்குவது என்று தொடர்ந்தால் நிறுத்திவிடலாம். ஓர் ஆண்டுக்கான கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் இடங்களில் இந்த முடிவு கடினமாகிவிடுகிறது. கட்டிய பணத்துக்காகக் குழந்தையை அனுப்பிக்கொண்டிருப்போம். முடிந்தவரை மாதக் கட்டணமாகவே பேசிக்கொள்ளுங்கள்.

## வகுப்பு விடையாகாத இடம்

"இன்னும் பேசவில்லை, வகுப்பில் சேர்த்தால் பேசிவிடும்" என்று காத்திருப்பது மட்டும் வேண்டாம். ஒரு வயதாகியும் மழலை ஒலியோ கைச்சாடையோ இல்லை; பதினாறு மாதமாகியும் ஒரு சொல்கூட இல்லை; இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை; பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை; எந்த வயதிலானாலும் பேசிக்கொண்டிருந்த சொற்களை இழக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். முதலில் காது கேட்கிறதா என்ற பரிசோதனை, பிறகு வளர்ச்சி மதிப்பீடு. பயிற்சி தேவை என்று தெரிந்தால் அதைத் தருபவர் பேச்சுப் பயிற்சியாளர். மூளை எதிர்பார்த்துக் காத்திருக்கும் அனுபவத்துக்கு காலக்கெடு உண்டு என்று முன்பு பார்த்தோம். காது கேளாத குழந்தைக்கு அந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டு வகுப்பில் கழியும் ஆறு மாதம் அதிலிருந்துதான் கழிகிறது.